விளக்கு உபயம்

புது ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்குத் திருவொற்றியூர்க் கரையோர நலச் சங்கத்து வாசலில் மேளம் உண்டு, பூசணிக்காய் உண்டு, ஆளுக்கொரு லட்டும் உண்டு. திருமுருகனும் லட்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். இனிக்கவில்லை. எப்படி இனிக்கும்? சங்கத்தின் பழைய ஆம்புலன்ஸை இருபது வருஷமாக ஓட்டுகிறவன் அவன். புது வண்டியின் சாவி தன் கைக்குத்தான் வரும் என்று வீட்டில் சொல்லி, தெருவில் சொல்லி, டீக்கடையிலும் சொல்லி முடித்திருந்தான். சாவி போய்ச் சேர்ந்த இடமோ கார்குழலியின் கை.

கார்குழலி வியாசர்பாடிப் பெண். முப்பது வயதுகூட ஆகவில்லை. சங்கத்தில் சேர்ந்து ஒரு வருஷம்தான். கோயம்புத்தூருக்குப் போய் ஏதோ பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவள். பெண்பிள்ளை ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள் என்று தெரிந்ததும் டிவிக்காரர்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். திருமுருகன் முகத்துக்கு நேராக எவனாவது ஒரு நாள் மைக்கை நீட்டியிருப்பானா? படகு கவிழ்ந்து கரை ஒதுங்கியவர்களை ஏற்றிக்கொண்டு பறந்தவன் அவன். ஒரு கம்பெனியில் வாயு கசிந்த அன்றைக்கு மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனவனும் அவன்தான். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது!

“நல்லாரும்மா,” என்று சொல்லிச் சிரித்தான். பல் மட்டும்தான் சிரித்தது.

வண்டியைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். அந்த விளக்கைத்தான் பொறுக்க முடியவில்லை. பழைய வண்டியின் தலையில் இருப்பது ஒற்றைச் சிவப்பு விளக்கு. அதுவும் பள்ளத்தில் இறங்கினால் அணையும், மேட்டில் ஏறினால் எரியும். புது வண்டிக்கோ முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை, பக்கவாட்டில் வேறு. சிவப்பும் நீலமும் மாறி மாறி அடித்தால் எதிர்ச்சுவரெல்லாம் திருவிழாதான். அந்த விளக்குகளைத் தனியாக வாங்கிக் கொடுத்தவர் காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி கிருஷ்ணப்பன். கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தாலும் அதன் மேலேயே பேரை எழுதிப் பாதி வெளிச்சத்தை மறைக்கிற ஊர் நம்முடையது. கிருஷ்ணப்பன் கொஞ்சம் நாகரிகமானவர். விளக்கு எரிந்தால் மட்டும் தெரிகிற மாதிரி, முன்வரிசையிலும் பின்வரிசையிலும் நட்டநடுவே ‘உபயம்: ஐஸ் ஃபேக்டரி கிருஷ்ணப்பன்’ என்று எழுத்து வெட்டி வைத்திருந்தார்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் நிம்மதியில்லை. பெண்டாட்டி குணசுந்தரி, புது வண்டிக்கு முன்னால் கார்குழலி சாவியோடு நிற்கிற படத்தைத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். கீழே மூன்று இதயம் வேறு.

“இன்னாமே இது?” என்றான்.

“நல்லா கீதுல்ல? இன்னா கெத்தா நிக்குது பாரு அந்தப் பொண்ணு!”

“உன் புருசனும் ஆம்புலன்ஸ்தான் ஓட்றான். ஒரு நாளாச்சும் வெச்சிருக்கியா?”

“நீ இன்னா புதுசாவா ஓட்ற?” என்று கேட்டுவிட்டு குணசுந்தரி மீன் குழம்பை ஊற்றினாள். அவள் சொன்னதில் விஷமம் எதுவும் இல்லை. விஷமம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளிடம் குற்றம் தேடினான் திருமுருகன். வேகமாக ஓட்டுகிறாளா என்றால் இல்லை. தாமதமாக வருகிறாளா என்றால் அதுவும் இல்லை. வண்டியைத் தானே கழுவினாள். அவனைக் கண்டால் “ண்ணா, நாஸ்தா ஆச்சா?” என்று கேட்டாள். அந்த மரியாதைதான் அவனுக்கு அதிகம் எரிந்தது. திமிராக இருந்து தொலைத்திருந்தால் நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளவாவது விஷயம் இருந்திருக்கும்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம் வகையாக ஒன்று சிக்கியது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று ஷேர் ஆட்டோவை இடித்துத் தள்ளிவிட்டது. இரண்டு வண்டியையும் அனுப்பினார்கள். திருமுருகன் போய்ச் சேர்ந்தபோது கார்குழலி தன் வண்டியைச் சாய்வாக நிறுத்தி, அடிபட்டவர்களுக்கு அரணாக்கியிருந்தாள். அவள் அட்டெண்டர் பின்னால் வெகுதூரம் போய்ச் சிவப்புக் கூம்புகளை வைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் சரி. ஆனால் அந்தச் சிவப்பு நீல விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. முகப்பு விளக்கும் அணைந்திருந்தது. பின்னால் இரண்டு மஞ்சள் விளக்குகள் மட்டும் சாதுவாகச் சிமிட்டிக்கொண்டிருந்தன.

“இன்னாமா, ஃப்யூஸ் பூட்ச்சா?” என்று கேட்டான். குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

“இல்லண்ணா, நான்தான் அணைச்சேன். வர்ற வழிக்கு அந்த லைட்டு வேணும். வந்து நின்னப்பறம் அவ்ளோ லைட்டு எரிஞ்சா பின்னால வர்றவனுக்குக் கண்ணு கூசிடும். லைட்டுதான் தெரியும், லைட்டாண்ட நிக்கிற நம்ம தெரிய மாட்டோம். மழை, பனி, புகைன்னா இன்னும் மோசம். அதான் மஞ்சள மட்டும் வுட்டு வெப்பேன்.”

“ஓஹோ,” என்றான்.

அவள் சொன்னது அவனுக்குப் புதிதே அல்ல. பல வருஷத்துக்கு முன்னால் மாதவரம் ரவுண்டானா பக்கம், கொட்டுகிற மழையில், கவிழ்ந்த பால் வண்டியைத் தூக்க வந்த கிரேன் ஒன்று தலை நிறைய விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. அந்த வெளிச்சத்தில் கண் பூத்துப்போய், சாலையில் நின்ற கிரேன்காரனைத் திருமுருகன் வண்டியால் அடித்தே இருப்பான். அந்த ஆள் குதித்ததால் தப்பித்தான். வெளிச்சம் எப்படிக் குருடாக்கும் என்று அன்றைக்கே அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன பிரயோசனம்? அவன் தன் விளக்கை ஒரு நாளும் அணைத்தவனல்ல. அணைத்துவிட்டால் ஆம்புலன்ஸ்காரன் வந்திருக்கிறான் என்று கூட்டத்துக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் பேப்பரில் விபத்துப் படம் வந்தது. நடுவில் புது வண்டி, பக்கத்தில் கார்குழலி. அவன் பழைய வண்டியின் ஒரு சக்கரம் மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிந்தது. திருமுருகன் அந்தப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு நேராகக் காசிமேட்டுக்குப் போனான்.

“சும்மா இப்படிக்கா வந்தேன் நைனா,” என்று ஆரம்பித்தான். “நம்ம வண்டி பேப்பர்ல வந்துகீது. பாத்தியா?”

கிருஷ்ணப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். அவர் தேடியது அடிபட்டவர்களை அல்ல.

“நம்ம பேரக் காணோமேப்பா?”

“எரிஞ்சாத்தான நைனா தெரியும். ஸ்பாட்டுக்குப் போனதும் அந்தப் பொண்ணு அணைச்சிடுது. நான் ஒண்ணும் கொற சொல்லல. சின்னப் பொண்ணு. பேட்டரி தீந்துடும்னு பயப்படுதோ இன்னாவோ.”

அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பற்றவைக்கிறவனுக்கு ஒரு குச்சி போதும். ஐஸ் ஃபேக்டரியை விட்டு வெளியே வந்தபோது பல மாதத்துக்குப் பிறகு அவனுக்கு நன்றாகப் பசித்தது.

சங்கத்துச் செயலாளர் அருள்பிரகாசம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் நன்கொடையாளர் முகம் சுளித்தால் தாங்கமாட்டார். கார்குழலியைக் கூப்பிட்டுக் கண்டித்துவிட்டார். மறுநாள் காலையில் அவள் திருமுருகனைத் தேடி வந்தாள். கண் சிவந்திருந்தது.

“யாரோ என்னப் போட்டுக் குட்த்துட்டாங்கண்ணா. ஸ்பாட்டுல லைட்டு எரிஞ்சுகினே இருக்கணுமாம். இல்லன்னா சாவிய உங்ககிட்ட குட்த்துட்டுப் போன்னு சொல்றாரு. சாவி போனா போவுதுண்ணா. ரோட்ல எவனாச்சும் வந்து மோதினா? என் அட்டெண்டரும் புள்ளகுட்டிக்காரன். நீங்க சீனியரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவர் கேப்பாரு. வாங்கண்ணா.”

சந்தேகம் அவள் முகத்தில் மருந்துக்கும் இல்லை. யார் போட்டுக் கொடுத்திருப்பார்கள் என்று அவள் நினைத்துப் பார்க்கிற பட்டியலில் அவன் பேரே இல்லை. அதற்கும்கூட அவனுக்குக் கோபம் வந்தது. தனக்குப் போட்டி என்று அவள் நினைக்கிற அளவுக்குக்கூடவா அவன் இல்லாமல் போனான்!

போனான். அருள்பிரகாசத்தின் அறையில் கார்குழலி பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாள். கண் கூசுவதைச் சொன்னாள், தூரம் பிடிபடாமல் போவதைச் சொன்னாள். அருள்பிரகாசம் பாதி நம்பினார். மிச்சப் பாதிக்காகத் திருமுருகன் பக்கம் திரும்பினார்.

“நீ சொல்லுப்பா. இத்தன வருசமா ஓட்ற. லைட்டு எரிஞ்சா ஆபத்தா? இந்தப் பொண்ணு சொல்றது நெசமா?”

நெஞ்சுக்குள் ஒரு பக்கம் மாதவரத்து மழை. இன்னொரு பக்கம் கார்குழலி வைத்த அந்தச் சாவி, மேஜை மேலேயே, கைக்கெட்டும் தூரத்தில். தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத் தடை ஆகவேண்டும் என்பார்கள். இங்கே மூக்கும் போகப்போவதில்லை என்றுதான் திருமுருகன் கணக்குப் போட்டான்.

“எனக்கு அதெல்லாம் தெரியாது சார்,” என்றான். “நம்ம காலத்துல லைட்டு எரியும். அவ்ளோதான்.”

கார்குழலி அவனை ஒரு தரம் பார்த்தாள். கோபமில்லை, ஏமாற்றம்தான். பிறகு, “சரி சார், எரிய வெக்கறேன்,” என்றாள்.

போகி விடியலில் வடசென்னைக்கு வானம் கிடையாது. மார்கழிப் பனி ஒரு பக்கம் இறங்கும், பழைய பாயும் டயரும் எரிகிற புகை மறுபக்கம் ஏறும். இரண்டும் சாலை மேல் கலந்து உட்கார்ந்துகொண்டால் நம் கையே நமக்குத் தெரியாது. அந்த வேளையில்தான் ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றிப் போன வேன் ஒன்று, எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஓரங்கட்டி நின்ற டிரெய்லரின் பின்னால் போய் முட்டிக்கொண்டது. நிறையப் பேருக்கு அடி. இரண்டு வண்டியும் வேண்டும் என்று போன் வந்தது.

திருமுருகன் அப்போது ராயபுரத்தில் ஒரு நோயாளியை இறக்கிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். டீயைக் கீழே ஊற்றிவிட்டுக் கிளம்பினான். வழியில் அட்டெண்டர், “மெதுவாண்ணா, ஒண்ணும் தெரியல,” என்று கெஞ்சினான். திருமுருகன் காதில் வாங்கவில்லை. போகியன்று இவ்வளவு பெரிய விபத்து என்றால் டிவிக்காரர்கள் வருவார்கள். இந்தத் தரம் அவளுக்கு முந்திப் போய் நிற்கவேண்டும். அந்த நினைப்புத்தான் ஆக்ஸிலேட்டரை மிதித்தது.

ஆனால் திருவொற்றியூரிலிருந்து வந்த கார்குழலி முந்தியே வந்துவிட்டிருந்தாள். வண்டியைச் சாய்த்து நிறுத்தினாள். விளக்கு ஸ்விட்ச்சில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாளாம், கூட இருந்த அட்டெண்டர் பிறகு சொன்னான். உத்தரவு உத்தரவுதானே. சிவப்பும் நீலமும் முன்னாலும் பின்னாலும் எரிந்தபடியே இருந்தன.

திருமுருகனுக்குப் புகைக்குள் ஒரு வெளிச்சம் தெரிந்தது. சிவந்தது, நீலமானது, மறுபடி சிவந்தது. தூரத்தில் தெரிகிறது என்றுதான் நினைத்தான். புகை முழுக்க அந்த வெளிச்சமே பரவிக் கிடந்ததால் விளக்கு எங்கே, வண்டி எங்கே, சாலை எங்கே என்று ஒன்றும் பிடிபடவில்லை. வழியில் வைத்திருந்த கூம்பு ஒன்று டயரில் அடிபட்டுப் பறந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். வெளிச்சத்துக்கு நடுவே எழுத்து மாதிரி ஏதோ தெரிந்தது. கிருஷ்ணப்பன் என்று படித்தான். படிக்கிற அளவுக்குக் கிட்டே வந்துவிட்டோம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

பிரேக்கின் மேல் ஏறி நின்றான். வண்டி வழுக்கிக்கொண்டே போனது. புது வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. கதவடியில் ஒரு ஆள் குனிந்து ஸ்ட்ரெச்சரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது.

ஸ்ட்ரெச்சர் குறுக்கே இருந்ததால் கார்குழலிக்கு உயிர் மிஞ்சியது. கால்தான் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. திருமுருகனே அவளைத் தூக்கினான், திருமுருகனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். வழியெல்லாம் அழுதான். அது நிஜமான அழுகைதான், அதில் ஒரு துளியும் கலப்படம் இல்லை. “தாயே, ஒண்ணும் ஆவக்கூடாது, ஒண்ணும் ஆவக்கூடாது,” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பின்னாலிருந்து அவள், “மெதுவா போங்கண்ணா,” என்றாள்.

ஆபரேஷன் முடிந்து, கால் பிழைக்கும் என்று டாக்டர் சொன்னார். பொங்கலன்று வார்டில் ஒரே கூட்டம். வியாசர்பாடியிலிருந்து பாதித் தெரு வந்திருந்தது. கிருஷ்ணப்பன் ஆப்பிள் கூடை அனுப்பியிருந்தார். குணசுந்தரி விடியற்காலையே எழுந்து சர்க்கரைப் பொங்கல் வைத்து, தூக்குவாளியில் எடுத்து வந்து, தன் கையால் கார்குழலிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கட்டில் ஓரத்தில் நின்ற திருமுருகனுக்கு அவள் இன்னும் ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. இந்த நிலைமையிலும் அது அவன் கண்ணில் பட்டது. மனசை என்ன சொல்வது!

அருள்பிரகாசத்தோடு போலீஸ் எஸ்.ஐ. வந்தார். காகிதத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஊரே பாக்கற மாதிரி அவ்ளோ லைட்டு எரிஞ்சிருக்கு. அது மேல போய் எப்படிய்யா மோதின? தூங்கிட்டியா? குடிச்சிருந்தியா?”

லைசென்ஸ் போகும், வேலை போகும், கேஸ் வரும். சொல்வதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைத் தெரியாது என்று அருள்பிரகாசத்தின் முகத்துக்கு நேராக அவன் சொல்லியாகிவிட்டது.

“சார், அண்ணன் மேல தப்பு இல்ல,” என்றாள் கார்குழலி. பேசும்போது வலித்தது, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். “லைட்டாலதான் சார். அந்தப் பொகையில அவ்ளோ லைட்டு எரிஞ்சா யாரு வந்தாலும் மோதிதான் இருப்பாங்க. கண்ணு கட்டிடும்.”

“இருபது வருச சர்வீஸ்ன்றாரு. இது அவருக்குத் தெரியாதா?”

“தெரியாது சார். பாவம், அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. செகரட்டரி சார் கேட்டப்பகூட தெரியாதுன்னுதான் சொன்னாரு. மனசுல ஒண்ணு வெச்சுகினு வெளிய ஒண்ணு பேசற ஆளு இல்ல சார் அண்ணன்.”

“ஆமா சார்,” என்றார் அருள்பிரகாசம். “நல்ல மனுசன். ஆனா பழைய ஆளு, விவரம் பத்தாது. நாங்கதான் இந்தப் பொண்ணு பேச்ச கேட்டிருக்கணும். கால் சரியாகட்டும், இவருக்கும் சேர்த்து இந்தப் பொண்ணையே டிரெயினிங் குடுக்கச் சொல்றோம்.”

எஸ்.ஐ. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். “விபத்து நேரத்து விளக்குகள் பற்றி டிரைவருக்கு விவரம் தெரியாது.”

அதோடு முடிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் வேலையும் மிஞ்சியிருக்கும், மானத்திலும் பாதி மிஞ்சியிருக்கும். ஆனால் குணசுந்தரி சும்மா இருக்கவில்லை. வாளியை மூடிக்கொண்டே, “கத்துக்கட்டும் சார்,” என்றாள். “இந்தப் பொண்ணு கிட்ட கத்துக்கறதுல இன்னா கொறஞ்சு பூடப் போறாரு?”

திருமுருகன் எஸ்.ஐ.க்கு நேர் முன்னால் வந்து நின்றான்.

“இன்னாது, எனக்குத் தெரியாதா?” என்று கத்தினான். வார்டே திரும்பிப் பார்த்தது. “எனக்கா தெரியாது? இவ ஸ்கூலு போய்க்கினு இருந்தப்பவே எனக்குத் தெரியும் சார்! மாதவரத்துல, மழையில, ஒரு கிரேன் லைட்டுல கண்ணு பூத்துப் போய் ஒரு ஆள அடிக்கப் பாத்தேன். அன்னிலேர்ந்து தெரியும். லைட்டு எரிஞ்சா ஆளு தெரியாதுன்னு இவ வந்து எனக்குச் சொல்லிக் குடுக்கணுமா? இவளுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவன் காதிலேயே விழுந்தது. குணசுந்தரி வாளியைக் கீழே வைத்தாள்.

கார்குழலி தலையணையிலிருந்து கொஞ்சம் எழுந்து அவனைப் பார்த்தாள்.

“தெரியுமாண்ணா?” என்றாள்.

அவன் தரையில் இருந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப அன்னிக்கு ஏன்ண்ணா தெரியாதுன்னீங்க?”

எஸ்.ஐ. கடைசியாக எழுதிய வரியைக் குறுக்கே அடித்தார்.

“சரி,” என்றார். “மொதல்லேர்ந்து சொல்லுய்யா.”